நட்சத்திரத்தைக் கொடுத்த அணி கோப்பையை வென்றது எப்படி?

1988-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத் தலைநகரான எட்மன்டனில் மக்கள் நம்ப மறுத்த ஒரு செய்தி பரவியது. அந்நகரின் ஹாக்கி அணியான எட்மன்டன் ஆய்லர்ஸ், தன் அணித்தலைவர் வேய்ன் கிரெட்ஸ்கியை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. அப்போது கிரெட்ஸ்கிக்கு வயது 27. அவர் தலைமையில் ஆய்லர்ஸ் அணி 1984, 1985, 1987, 1988 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பையை வென்றிருந்தது. கடைசிக் கோப்பை கைக்கு வந்து மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை.

நகர மக்கள் கொதித்தெழுந்தார்கள். அணி உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். நெல்சன் ரீஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், அரசாங்கமே தலையிட்டு இந்த ஏற்பாட்டைத் தடுக்க வேண்டும் என்று கேட்டார். செய்தியாளர் கூட்டத்தில் பேச முயன்ற கிரெட்ஸ்கி கண் கலங்கி நின்றார்.

ஆனால் 1990-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்டான்லி கோப்பையை மீண்டும் தூக்கிய அணி எது தெரியுமா? கிரெட்ஸ்கியைப் பெற்ற லாஸ் ஏஞ்சலஸ் அன்று. அவரை இழந்த எட்மன்டன்தான்!

அப்படியானால் அந்தக் கைமாற்றம் நல்லதா, கெட்டதா? உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரை ஓர் அணி இழந்தால் உண்மையில் எவ்வளவு இழக்கிறது? ரசிகரின் கோபத்தையும் உரிமையாளரின் கணக்குப் புத்தகத்தையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, எண்களையும் உடலியலையும் துணைக்கு அழைத்து இந்தக் கேள்விக்கு விடை தேடுவோம்.

பனித்தளத்து ஆட்டம்

ஹாக்கி என்றதும் நம் நினைவுக்கு வருவது புல்தரையில் பதினொருவர் ஆடும் ஆட்டம். கனடா நாட்டவர் ஹாக்கி என்று சொல்வது ஐஸ் ஹாக்கியை. சுமார் 61 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் உள்ள உறைந்த பனித்தளத்தில், காலில் சறுக்குக் காலணி அணிந்துகொண்டு, வளைந்த மட்டையால் ஒரு ரப்பர் வட்டை அடித்து ஆடுவது அது. பந்து கிடையாது. ஏறக்குறைய 7.6 சென்டிமீட்டர் குறுக்களவும் 170 கிராம் வரை எடையும் உள்ள அந்த வட்டு, துள்ளாமல் சறுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் குளிரூட்டி உறைய வைக்கப்படுகிறது.

ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் ஆடுவார்கள். ஒருவர் கோல் காப்பாளர். இருவர் தடுப்பு ஆட்டக்காரர். மூவர் முன்னணி ஆட்டக்காரர். 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள், மொத்தம் 60 நிமிட ஆட்டம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் போட்டிகளில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்கு 20 பேரை உடை அணிவித்து இறக்கலாம். அவர்களில் இருவர் கோல் காப்பாளர்கள். மீதி 18 பேர் பொதுவாகப் பன்னிரண்டு முன்னணி ஆட்டக்காரர்களாகவும் ஆறு தடுப்பு ஆட்டக்காரர்களாகவும் பிரிக்கப்படுவார்கள். பன்னிரண்டு பேர் மும்மூன்றாகச் சேர்ந்து நான்கு வரிசைகள்; ஆறு பேர் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று ஜோடிகள்.

புல்தரை ஹாக்கியிலோ கால்பந்திலோ மாற்று ஆட்டக்காரர் என்றால் தேவைப்படும்போது அழைக்கப்படும் துணைவர் என்ற எண்ணம் நமக்கு உண்டு. ஐஸ் ஹாக்கியில் அப்படியில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, நடுவரின் விசில் இல்லாமலே, வரிசைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வரிசை தடுப்புச் சுவரைத் தாண்டி இருக்கைக்குத் திரும்ப, அடுத்த வரிசை தளத்தில் குதிக்கும். ஒரு வரிசை ஒருமுறை தளத்தில் இருப்பது சராசரியாக முக்கால் நிமிடந்தான்! ஏன் இவ்வளவு குறைந்த நேரம்? விடை நம் தசைகளுக்குள் இருக்கிறது.

முக்கால் நிமிடத்தில் என்ன நடக்கிறது?

தசை சுருங்குவதற்கு வேண்டிய ஆற்றலை நேரடியாகத் தருவது ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு. தசையில் சேமிப்பாக இருக்கும் ஏ.டி.பி., முழு வேகத்தில் உழைத்தால் இரண்டொரு நொடிகளுக்கே போதும். அது தீரத் தீர அதை உடனுக்குடன் புதுப்பித்துத் தருவது கிரியேட்டின் பாஸ்பேட் என்ற மற்றொரு சேமிப்பு. அதுவும் பத்து நொடி அளவில் பெரும்பகுதி கரைந்துவிடும். அதன்பின் தசை, ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறுகிறது. இது வேகமான வழி. ஆனால் விலை அதிகம். ஹைட்ரஜன் அயனிகளும் பாஸ்பேட்டும் தசையில் குவிகின்றன. கால் கனக்கிறது, பாய்ச்சல் தளர்கிறது.

இருக்கைக்குத் திரும்பி உட்கார்ந்ததும் மூச்சு வாங்க வாங்கச் சேமிப்பு மீண்டும் நிரம்புகிறது. கரைந்த கிரியேட்டின் பாஸ்பேட்டில் ஏறத்தாழப் பாதி அரை நிமிட அளவிலேயே திரும்பிவிடுகிறது. ஆனால் கிட்டத்தட்ட முழுமையாக நிரம்ப மூன்று நான்கு நிமிடங்கள் வேண்டும்.

இப்போது ஓர் எளிய கணக்கு. ஒரு வரிசை 45 நொடி ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அணியில் நான்கு வரிசைகளும் சமமாக ஆடினால், ஒரு வரிசைக்குக் கிடைக்கும் ஓய்வு 3 x 45 = 135 நொடி. பயிற்சியாளர் நான்காவது வரிசையை நம்பாமல் மூன்றை மட்டும் இறக்கினால் ஓய்வு 90 நொடியாகச் சுருங்கும். நல்ல இரண்டு வரிசைகளை மட்டுமே ஓட்டினால் வெறும் 45 நொடி. முதல் பகுதியில் இது தெரியாது. மூன்றாம் பகுதியின் கடைசி நிமிடங்களில் தெரியும். கூடுதல் நேரத்துக்குப் போனால் இன்னும் நன்றாகவே தெரியும்.

அணியின் ஆழம் என்று ஹாக்கி நிபுணர்கள் சொல்வது இதைத்தான். முதல் வரிசைக்குக் கீழே எத்தனை பேரை அச்சமின்றித் தளத்தில் இறக்கலாம் என்பதே ஆழம். கடைசி வரிசை நன்றாக இருந்தால் முதல் வரிசைக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. நட்சத்திரம் ஒளிர்வதற்கே பெயர் தெரியாத பலர் தேவைப்படுகிறார்கள்.

ஒரே ஆட்டக்காரரின் பங்கு

60 நிமிட ஆட்டத்தில் கோல் காப்பாளர் நீங்கலாக எப்போதும் ஐந்து பேர் தளத்தில் இருக்கிறார்கள். ஆக மொத்தம் 300 ஆள்-நிமிடங்கள். முன்னணி நட்சத்திரம் ஒருவர் மிக அதிகமாக உழைத்து 25 நிமிடம் ஆடினாலும் அது மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மீதிப் பதினொரு பங்கை மற்றவர்கள்தான் ஆடுகிறார்கள்.

ஆனால் எல்லா நிமிடங்களும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன முதல் பருவத்தில் (1988-89) கிரெட்ஸ்கி 54 கோல்கள் அடித்தார். 114 கோல்களுக்கு வழிசெய்து கொடுத்தார். ஆக 168 புள்ளிகள். அந்தப் பருவத்தில் அவருடைய அணி அடித்த மொத்தக் கோல்கள் 376. அதாவது நூற்றுக்கு 45 கோல்களில் அவர் கை இருந்தது.

இதைக் கண்டு, அவர் இல்லாவிட்டால் அந்த அணி 168 கோல்களை இழந்திருக்கும் என்று நினைத்தால் தவறு. இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஒரு கோலுக்கு அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் வட்டை அனுப்பிய இருவர் வரை ஆளுக்கொரு புள்ளி. ஒரே கோல் மூன்று பேர் கணக்கிலும் ஏறுகிறது. இரண்டாவது, கிரெட்ஸ்கி இல்லையென்றால் அந்த நிமிடங்கள் காலியாக இருந்திருக்கப் போவதில்லை. வேறொருவர் ஆடியிருப்பார்; அவரும் சில கோல்களுக்கு வழிசெய்திருப்பார்.

ஆகவே ஓர் ஆட்டக்காரரின் மதிப்பு என்பது அவர் செய்ததிலிருந்து, அவர் இடத்தில் நிற்கக்கூடிய மற்றொருவர் செய்திருக்கக் கூடியதைக் கழித்தால் கிடைப்பது. பொருளாதாரம் படித்தவர்களுக்கு இந்தக் கழித்தல் புதிதன்று. விளையாட்டு ரசிகர்கள்தான் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

பட்டியல் என்ன சொல்கிறது?

அன்றைய விதிப்படி ஒரு பருவத்தில் அணிக்கு 80 ஆட்டங்கள். வெற்றிக்கு 2 பட்டியல் புள்ளி, சமன் செய்தால் 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. கைமாற்றத்துக்கு முன்னும் பின்னும் இரு அணிகளின் நிலை இதோ:

எட்மன்டன் ஆய்லர்ஸ்
1987-88: அடித்த கோல் 363, வாங்கிய கோல் 288, பட்டியல் புள்ளி 99
1988-89: அடித்த கோல் 325, வாங்கிய கோல் 306, பட்டியல் புள்ளி 84
1989-90: அடித்த கோல் 315, வாங்கிய கோல் 283, பட்டியல் புள்ளி 90

லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ்
1987-88: அடித்த கோல் 318, வாங்கிய கோல் 359, பட்டியல் புள்ளி 68
1988-89: அடித்த கோல் 376, வாங்கிய கோல் 335, பட்டியல் புள்ளி 91
1989-90: அடித்த கோல் 338, வாங்கிய கோல் 337, பட்டியல் புள்ளி 75

முதல் ஆண்டை மட்டும் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் 23 புள்ளி ஏறியது. எட்மன்டன் 15 புள்ளி இறங்கியது. இனி அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுவோம். லாஸ் ஏஞ்சலஸின் வித்தியாசம் 41 குறைவு என்பதிலிருந்து 41 அதிகம் என்று மாறியது; 82 கோல் முன்னேற்றம். எட்மன்டனின் வித்தியாசம் 75-லிருந்து 19-ஆகச் சுருங்கியது; 56 கோல் சரிவு.

82-ஐ 23-ஆல் வகுத்தால் சுமார் 3.6. 56-ஐ 15-ஆல் வகுத்தால் சுமார் 3.7. இரண்டும் எவ்வளவு நெருங்கி வருகின்றன பாருங்கள்! அதாவது ஒரு பட்டியல் புள்ளிக்கு ஏறக்குறைய மூன்றரை முதல் நான்கு கோல். ஒரு வெற்றிக்கு ஏறக்குறைய ஏழு கோல். கைமாற்றங்களை எடைபோடுபவர்களுக்கு இது ஒரு தராசு. புதிதாக வந்தவர், தாம் யாருடைய இடத்துக்கு வந்தாரோ அவரைவிட ஒரு பருவத்தில் 14 கோல் அளவுக்கு மேலானவர் என்றால், அவர் சுமார் இரண்டு வெற்றிகளைக் கொண்டுவருகிறார். கோலை அடித்தாலும் சரி, தடுத்தாலும் சரி, தராசில் எடை ஒன்றே.

இந்த 82 கோல் முன்னேற்றம் முழுவதையும் கிரெட்ஸ்கி ஒருவர் கணக்கில் எழுதிவிட முடியாது. இரு அணிகளிலும் வேறு ஆட்டக்காரர்களும் வந்தார்கள், போனார்கள். ஆனாலும் முதல் ஆண்டுத் தீர்ப்பு தெளிவு: எட்மன்டன் தோற்றது. அந்த ஆண்டுக் கோப்பைச் சுற்றின் முதற் கட்டத்திலேயே கிரெட்ஸ்கியின் புதிய அணி அவருடைய பழைய அணியை ஏழு ஆட்டத் தொடரில் 4-3 என்று வென்று வெளியேற்றியது. கொடும்பாவி கொளுத்தியவர்கள், நாங்கள் சொன்னோமே என்றிருப்பார்கள்.

அதிர்ஷ்டத்தைக் கழித்துப் பார்த்தல்

ஒரே ஆண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. கோல் என்பது அரிய நிகழ்ச்சி. அரிய நிகழ்ச்சிகளில் தற்செயலின் பங்கு பெரிது.

ஒருவர் ஒரு பருவத்தில் 200 முறை கோலை நோக்கி அடிக்கிறார். அவருடைய உண்மையான திறமை நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். எதிர்பார்க்கக் கூடியது 20 கோல். ஆனால் புள்ளியியல் சூத்திரப்படி இதில் சுமார் 4 கோல் அளவுக்குத் திட்ட விலக்கம் உண்டு. அவருடைய திறமை ஒரு துளியும் மாறாமலே மூன்று பருவங்களுக்கு ஏறக்குறைய இரண்டு பருவங்களில் அவர் 16-க்கும் 24-க்கும் இடையில் அடிப்பார். மீதி ஒரு பருவத்தில் 16-க்குக் கீழே போவார் அல்லது 24-ஐத் தாண்டுவார். 26 கோல் அடித்த ஆண்டில் அவரை வாங்கும் அணி, திறமையோடு சேர்த்து அதிர்ஷ்டத்துக்கும் விலை கொடுக்கிறது. அடுத்த ஆண்டு அதிர்ஷ்டம் உடன் வருவதில்லை. உச்சத்தில் இருந்தது சராசரியை நோக்கித் திரும்பும் இந்த இயல்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரான்சிஸ் கால்ட்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தில் கண்டு எழுதினார்.

எட்மன்டனுக்கு மாற்றாக வந்தவர்களில் முதன்மையானவர் ஜிம்மி கார்சன் என்ற இருபது வயது இளைஞர். முந்தைய பருவத்தில் லாஸ் ஏஞ்சலஸுக்காக 55 கோல்கள் அடித்திருந்தார். எட்மன்டனில் 49 கோல்கள், மொத்தம் 100 புள்ளிகள். எந்த அணியும் பெருமைப்படக் கூடிய கணக்கு இது. ஆனால் கிரெட்ஸ்கியின் இடத்துக்கு வந்தவர் என்ற கண்ணோடு பார்த்தவர்களுக்கு 100 புள்ளி குறைவாகவே தெரிந்தது.

தற்செயலைக் குறைக்க ஒரு வழி, அடிக்கடி நிகழ்வதை எண்ணுவது. பிற்காலத்து ஆய்வாளர்கள் கோல்களை மட்டும் எண்ணாமல், ஓர் ஆட்டக்காரர் தளத்தில் இருக்கும்போது இரு பக்கமும் கோலை நோக்கி அடிக்கப்படும் எல்லா அடிகளையும் எண்ணத் தொடங்கினார்கள். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் மூன்று நான்கு கோல்தான் அடிக்கும். ஆனால் கோலை நோக்கி முப்பது முறை அடிக்கும். எண்ணிக்கை பெருகப் பெருகத் தற்செயல் கரைந்து திறமை தெளிகிறது.

எல்லாரும் நலமாக இருக்கும் நாள் எத்தனை?

இனி ஆழத்தின் மதிப்பைக் கணக்கால் காண்போம். கடினமான இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் பத்து ஆட்டங்களில் ஒன்பதில் உடல்நலத்தோடு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட இருவரும் சேர்ந்து நலமாக இருக்கும் வாய்ப்பு 0.9 x 0.9 = 0.81. ஆறு தடுப்பு ஆட்டக்காரர்களும் ஒருசேர நலமாக இருக்கும் வாய்ப்பு 0.53. பதினெட்டுப் பேரும் நலமாக இருக்கும் வாய்ப்பு வெறும் 0.15!

80 ஆட்டங்களில் பன்னிரண்டில் மட்டுமே பயிற்சியாளர் தாம் விரும்பிய முழு அணியை இறக்க முடியும். மற்ற 68 ஆட்டங்களில் யாராவது ஒருவர் இல்லை. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேர் அளவுக்கு இல்லை. ஆகவே பத்தொன்பதாவது ஆளும் இருபதாவது ஆளும் அலங்காரத்துக்கு வைக்கப்படுபவர்கள் அல்லர். பருவம் முழுவதும் யாருடைய இடத்திலாவது அவர்கள் ஆடத்தான் போகிறார்கள்.

ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்து மூன்று நடுத்தர ஆட்டக்காரர்களைப் பெறும் ஏற்பாட்டை இப்போது எடைபோடலாம். நட்சத்திரம் தம் மாற்று ஆளைவிட 30 கோல் மேலானவர் என்று கொள்வோம். வரும் மூவரும் ஆளுக்கு 8 கோல் மேலானவர்கள் என்றால் கூட்டு 24, ஏற்பாடு நஷ்டம். ஆளுக்கு 12 என்றால் கூட்டு 36, லாபம். ஆனால் 8 என்பதும் 12 என்பதும் யாரைவிட மேல் என்பதைப் பொறுத்தது. தளத்துக்கு வரும் இடங்கள் பதினெட்டுத்தான். மூவர் உள்ளே வந்தால் நட்சத்திரத்தோடு இன்னும் இருவர் வெளியே போக வேண்டும். வெளியே போகிறவர்கள் பலவீனமானவர்களாக இருந்தால் மூவரின் வருகை பெரும் பலன் தரும். ஏற்கெனவே நல்லவர்களாக இருந்தால் பலன் சிறிதே. எனவே ஒரே மூவர் ஓர் அணிக்குப் புதையலாகவும் மற்றோர் அணிக்குச் சுமையாகவும் இருக்கக்கூடும். கைமாற்றச் செய்தியில் அச்சாகும் பெயர்களை மட்டும் படித்துவிட்டு யார் வென்றார் என்று சொல்ல முடியாமைக்கு இதுவே காரணம்.

1990: ஒரு சங்கிலியின் முடிவு

இந்தப் பின்னணியில் எட்மன்டனின் கதைக்குத் திரும்புவோம். 1988 ஆகஸ்ட் ஏற்பாட்டில் கிரெட்ஸ்கியோடு மார்ட்டி மெக்சார்லி, மைக் குரூஷெல்னிஸ்கி என்ற இருவரும் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார்கள். எட்மன்டனுக்கு வந்தவை: கார்சன், பதினெட்டு வயது மார்ட்டின் ஜெலினா, 1989, 1991, 1993 ஆண்டுகளில் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று உரிமைகள் மூன்று, ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலர்.

கார்சன் எட்மன்டனில் நிலைக்கவில்லை, வெளியேற விரும்பினார். 1989 நவம்பரில் எட்மன்டன் அவரை டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவர்களில் மூவர் ஆடம் கிரேவ்ஸ், ஜோ மர்ஃபி, பீட்டர் கிளீமா. அன்று இவர்களில் எவரும் பெரிய பெயர் அல்லர். ஆனால் ஒரு பெயரைக் கொடுத்து மூன்று கால் இணைகளைப் பெற்றது எட்மன்டன். இருபதை ஒட்டிய வயதினரான ஜெலினா, கிரேவ்ஸ், மர்ஃபி மூவரும் ஒரே வரிசையில் இணைந்தார்கள். பையன்கள் வரிசை என்று அதற்குப் பெயர் வந்தது. மார்க் மெஸ்ஸியே முதலான மூத்தவர்கள் இருக்கைக்குத் திரும்பி இளைப்பாறும் நேரத்தில் எதிரணியை ஓய விடாமல் விரட்டியது அந்த வரிசைதான்.

கோல் காப்பாளர் கதையும் கேட்கத் தக்கது. புகழ்பெற்ற கிரான்ட் ஃபூர் 1989-90 பருவத்தில் உடல்நலக் குறைவாலும் காயத்தாலும் பெரும்பகுதி ஆடவில்லை. அவர் இடத்தில் நின்றவர் பில் ரான்ஃபோர்டு. 1988 மார்ச்சில் ஆண்டி மூக் என்ற கோல் காப்பாளரைப் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்குக் கொடுத்தபோது பதிலாக வந்தவர்களில் அவர் ஒருவர். பெரிய காப்பாளர் நலமாக இருந்தபோது, எதற்கு இன்னொருவர் என்று கேட்டிருக்கலாம். 1990-இல் அதற்கு விடை கிடைத்தது.

கோப்பைச் சுற்றில் எட்மன்டன் லாஸ் ஏஞ்சலஸை 4-0 என்று வென்றது. இறுதிப் போட்டியில் எதிரே நின்றது, மூக்கைப் பெற்ற அதே பாஸ்டன். மே 15-ஆம் நாள் முதல் ஆட்டம். 60 நிமிடத்தில் 2-2. முதல் கூடுதல் பகுதி முடிந்தது, கோல் இல்லை. இரண்டாவதும் முடிந்தது, கோல் இல்லை. நாம் முன்னே பார்த்த தசைக் கணக்கு இப்போது இரு அணிகளையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது கூடுதல் பகுதியில் பயிற்சியாளர் ஜான் மக்லர், வெகுநேரமாக இருக்கையிலேயே உட்கார வைத்திருந்த ஒருவரைத் தளத்தில் இறக்கினார். அவர்தான் கிளீமா. மற்றவர்கள் கால் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் கால்களில் புத்துணர்ச்சி இருந்தது. கூடுதல் நேரத்தின் 55 நிமிடம் 13-ஆவது நொடியில் அவர் அடித்த வட்டு மூக்கைத் தாண்டிக் கோலுக்குள் சென்றது. ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டிகளில் அன்றுவரை அவ்வளவு நீண்ட ஆட்டம் நடந்ததில்லை. மறுபுறம் ரான்ஃபோர்டு அந்த ஒரே ஆட்டத்தில் 50 அடிகளைத் தடுத்திருந்தார்.

தொடரை எட்மன்டன் 4-1 என்று வென்றது. கோப்பைச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ரான்ஃபோர்டு.

காலம் சொன்ன மறுபாதி

அப்படியானால் பாக்லிங்டன் செய்தது சரியா? அவசரப்பட வேண்டாம்; கணக்கின் மறுபாதி இன்னும் இருக்கிறது.

தேர்வு உரிமை என்பது விதை நெல்லைப் போன்றது. முளைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 1989-ஆம் ஆண்டு உரிமையை எட்மன்டன் நியூ ஜெர்சி அணிக்குக் கொடுத்து வேறோர் ஆட்டக்காரரைப் பெற்றது. 1991 உரிமையில் தேர்ந்தெடுத்த மார்ட்டின் ரூசின்ஸ்கி எட்மன்டனுக்காக ஆடியவை இரண்டே ஆட்டங்கள். பிறகு வேறு அணிக்குப் போய் நெடுங்காலம் ஆடினார். 1993 உரிமையில் வந்த நிக் ஸ்டாஜ்டுஹர் லீக்கில் ஆடியதே மொத்தம் இரண்டு ஆட்டங்கள். மூன்று விதைகளும் எட்மன்டன் வயலில் விளையவில்லை.

ஒன்றரைக் கோடி டாலர் பணம் தளத்தில் இறங்கி ஆடாது. அது ஆட்டக்காரர்களாக மாறினால்தான் அணிக்குப் பலன். எட்மன்டனிலோ அதன்பின் நடந்தது நேர்மாறு. யாரி குர்ரி 1990-இலும், மெஸ்ஸியே, ஃபூர், கிளென் ஆண்டர்சன் ஆகியோர் 1991-இலும் அணியை விட்டுப் போனார்கள். 1992-93 பருவத்தில் எட்மன்டன் கோப்பைச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. தேசிய ஹாக்கி லீக்கில் சேர்ந்த பிறகு அதற்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. அதே 1993-இல் கிரெட்ஸ்கியின் லாஸ் ஏஞ்சலஸ் இறுதிப் போட்டி வரை சென்று மான்ட்ரியாலிடம் தோற்றது. 1994-இல் மெஸ்ஸியேவும் கிரேவ்ஸும் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியில் நின்று கோப்பையைத் தூக்கினார்கள். எட்மன்டனின் ஆழம் மறைந்துவிடவில்லை. வேறு நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது!

ஆகவே தீர்ப்பை மூன்றாகப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். ஓராண்டுக் கணக்கில் எட்மன்டன் தோற்றது. ஈராண்டுக் கணக்கில், ஏற்கெனவே இருந்த ஆழத்தாலும் கார்சனைக் கொடுத்துச் செய்த இரண்டாவது கைமாற்றத்தாலும் கோப்பை வென்றது. ஐந்தாண்டுக் கணக்கில் அந்த ஆழத்தையும் காக்க முடியாமல் சரிந்தது. 1990-ஆம் ஆண்டுக் கோப்பை கிரெட்ஸ்கியை விற்றதால் கிடைத்தது என்று சொல்வது பொருந்தாது. விற்ற பிறகும் தாங்கி நிற்கும் அளவுக்கு அணி ஆழமாக இருந்ததால் கிடைத்தது என்பதே பொருந்தும்.

நீங்களே எடைபோடலாம்

அடுத்த முறை எந்த விளையாட்டிலாவது இத்தகைய கைமாற்றச் செய்தியைப் படிக்கும்போது, பெயர்களின் புகழை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். போகிறவரின் இடத்தில் நிற்கப் போகிறவர் யார்? இருவருக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை கோல்? வருகிறவர்கள் யாரை வெளியே தள்ளுகிறார்கள்? வருகிறவரின் சென்ற ஆண்டுச் சாதனையில் திறமை எவ்வளவு, தற்செயல் எவ்வளவு? இரண்டு பேர் காயமடைந்தால் தளத்தில் இறங்குவது யார்? தேர்வு உரிமையும் பணமும் எப்போது, எவ்வழியாக ஆட்டக்காரர்களாக மாறும்?

2005-06 பருவம் முதல் தேசிய ஹாக்கி லீக்கில் ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்குத் தரும் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு வந்துவிட்டது. முதலாண்டில் 3 கோடியே 90 லட்சம் டாலராக இருந்த அந்த வரம்பு 2025-26 பருவத்தில் 9 கோடியே 55 லட்சம் டாலர். நட்சத்திரத்துக்குக் கூடுதலாகத் தரும் ஒவ்வொரு டாலரும் நான்காவது வரிசையிலிருந்து எடுக்கப்படுவதே. ஆகவே மேலே சொன்ன கழித்தல் கணக்கு இப்போது ஒவ்வோர் அணியின் அலுவலகத்திலும் அன்றாட வேலையாகிவிட்டது.

இந்தத் தராசில் ஏறாத ஒரு பொருளும் உண்டு. எட்மன்டனில் வாழ்ந்து, வென்று, மணம் முடித்து ஒரு மாதம்கூட நிறையாத இளைஞர் ஒருவர் தம் ஊரை விட்டுப் புறப்பட நேர்ந்தது. அவருக்குப் பதிலாக வந்த இருபது வயதுக்காரர் செய்த நூறு புள்ளியும் ஒருவர் கண்ணுக்கும் நிறையவில்லை. கோல்களையும் வெற்றிகளையும் எண்ணிக் கைமாற்றத்தின் லாப நஷ்டத்தைச் சொல்லிவிடலாம். எண்ணப்படுபவர்கள் மனிதர்கள் என்பதையும் கணக்குப் போடுகிறவர் மறக்காமல் இருந்தால் நல்லது.